பொட்டு வைத்த லென்ஸ்

பெங்களூருக்குப் போன பெட்டி எட்டாம் நாள் திரும்பி வந்தது. கூரியர்காரர் பைக்கை மட்டாஞ்சேரிச் சந்து முனையிலேயே நிறுத்திவிட்டு, "ஸ்வர்ணலதா! ஸ்வர்ணலதா ஆராணு?" என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தார். அந்தப் பெயரை அந்தச் சந்தில் யாரும் உரக்கச் சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது. பின்பக்கக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்த பிச்சைமணி குழாயை மூட மறந்து ஈரக்காலோடு வாசலுக்கு ஓடி வந்தார்.

"கையொப்பு இடணும். ஸ்வர்ணலதா இல்லே?"

"நான் போடறேன். அவ வீட்டுக்காரன்."

"அவர் எவிடப் போயி?"

பிச்சைமணி பேனாவுக்குக் கை நீட்டினார். தமிழில் பெயர் எழுதினார். எதிர்வீட்டு வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த மூக்கம்மாள் கூரியர்காரரைப் பார்த்து வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள். அவர் புரிந்துகொண்டு, பெட்டியை இரண்டு கையாலும் கொடுத்துவிட்டுப் போனார்.

கல்லூரியிலிருந்து வந்ததும் மகள் அம்பிளிதான் பெட்டியைப் பிரித்தாள். இருபது வயது. வீட்டில் தமிழ் பேசுவாள். எழுதப் படிக்க மலையாளமும் இங்கிலீஷும்தான். உள்ளே, அவள் சுற்றி அனுப்பிய அதே குமிழ்த் தாளுக்குள், அதே லென்ஸ். கூடவே ஒரு அச்சடித்த சீட்டு.

"எந்தா எழுதியிருக்கு?"

"எடுக்க மாட்டாங்களாம். உபயோகிச்ச சாமானாம். மேல செவப்புக் கறை இருக்காம்." அம்பிளி சீட்டைக் கட்டிலில் எறிந்தாள். "நான் அன்னைக்கே பறஞ்சேன் இல்லே அப்பா, அதைத் தொடச்சுட்டு அனுப்பலாம்னு? நீ கேட்டியா?"

பிச்சைமணி லென்ஸைக் கையில் எடுத்தார். கறுப்பு உருளையின் பக்கவாட்டில், எழுத்துகள் முடிகிற இடத்தில், சந்தனம் காய்ந்து வெளிறியிருந்தது. அதன் நடுவே குங்குமம். பெங்களூர் வரைக்கும் போய்வந்தும் கொஞ்சமும் உதிரவில்லை. ஸ்வர்ணலதா மோதிர விரலை அழுத்தி வைத்த பொட்டு என்பதால் அது வட்டமாக இல்லாமல் சற்று நீண்டிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சந்தனத்தில் விரலின் ரேகைகள் மெல்லிய வரிகளாகத் தெரியும். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள்தான் அவர் அதைக் கண்டுபிடித்தார். அம்பிளியிடம் சொல்லவில்லை. அவள் பெட்டியை ஒட்டும் வரை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பெட்டி கூரியர் ஆபீசுக்குப் போன பிறகு எட்டு நாளும், எங்கோ ஒரு லாரியில் அந்த விரல் குலுங்கிக்கொண்டு போவதாக நினைத்துக்கொண்டார். இப்போது அது திரும்பி வந்ததில் அவருக்கு வருத்தமே இல்லை. மகள் முகத்தைப் பார்த்துத்தான் வருத்தப்பட்டவர் போல நின்றார்.

அந்த லென்ஸுக்காக ஸ்வர்ணலதா ஆறு மாதம் கடை கடையாகத் தேடிக் காத்திருந்தாள். பஜார் ரோட்டு ஸ்டுடியோ ஒன்றில் தொண்ணூற்று நாலில் சேர்ந்தபோது அவள் வேலை நெகட்டிவில் முகப்பரு மறைப்பது. கூரான பென்சிலை வைத்துக்கொண்டு ஊரார் முகத்தையெல்லாம் சுத்தப்படுத்தினாள். பிறகு ஒருநாள் கப்பலண்டிமுக்கில் ஒரு நிக்காஹ் வீட்டில், பெண்கள் பக்கம் ஆண் போட்டோகிராபர் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி வேறு வழியில்லாமல் கேமராவை இவள் கையில் கொடுத்து அனுப்பினார். அன்றிலிருந்து மட்டாஞ்சேரியில் மணப்பெண்ணுக்கு மயிலாஞ்சி என்னும் மருதாணி வைக்கிற வீடுகளுக்கெல்லாம் ஸ்வர்ணலதா சேச்சிதான். குஜராத்தி வீட்டு வளைகாப்பு, கொங்கணி வீட்டுப் பூணூலில் அடுக்களைப் பக்கம், எங்கும் அவள்தான் போனாள். ஸ்டுடியோ மூடியபோது அங்கிருந்த டிஜிட்டல் கேமராவைக் கொண்டுவந்து வீட்டில் வைத்துக்கொண்டாள்.

"உள்ளறைல வெளிச்சமே இருக்காது. ஃபிளாஷ் அடிச்சா பொம்பளைங்க கண்ணை மூடிக்கறாங்க, இல்லேன்னா பயந்த மாதிரி முழிக்கறாங்க" என்பாள். "ஃபிளாஷே வேணாம். இருக்கற வெளிச்சத்துல எடுக்கற கண்ணாடி ஒண்ணு இருக்கு. அது மட்டும் வந்துட்டா இந்த ஊர்ப் பொம்பளைங்களை அவங்க எப்படி இருக்காங்களோ அப்படியே எடுத்துக் காட்டறேன் பாருங்க."

எர்ணாகுளம் கடைகளில் அது இல்லை. கம்ப்யூட்டரில் படம் பார்த்து வாங்கலாம் என்று சொன்னது தெருமுனையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ஷாஜி. இரண்டாயிரத்து எட்டு, நவராத்திரி சமயம். ஷாஜியின் கார்டில் பதிவு செய்தார்கள். பெட்டி வந்து சேர்ந்தது ஆயுதபூஜைக்கு இரண்டு நாள் முன்னால்.

அங்கேதான் தவறு நடந்தது. புதிதாக வந்த சாமானை முதலில் கேமராவில் மாட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் காலனியில் ஆயுதபூஜை என்றால் வேலை செய்கிற பொருள் எல்லாவற்றுக்கும் பொட்டு விழுந்தாக வேண்டும். மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவில் வேலை பார்க்கிற குடும்பங்கள் அவை. பாட்டன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். டிப்போவில் குப்பை வண்டி, மண்வெட்டி, துடைப்பம் முதல்கொண்டு கழுவித் துடைத்து வரிசையாக நிற்கும். வீட்டில் அரிவாள்மணை, தையல் மிஷின், அயர்ன் பெட்டி. பூஜைக்கு வைத்ததை விஜயதசமி காலையில் எடுக்கும் வரை யாரும் தொடக்கூடாது.

"இன்னும் ஒரு போட்டோ எடுக்கல, அதுக்குள்ள பூஜைக்கு வெக்கணுமா?" என்று பிச்சைமணி கேட்டார்தான்.

"வேலைக்கு வர்ற முன்னாடியே பொட்டு வாங்கிக்கட்டும். உங்க தொடப்பத்துக்கு உண்டு, என் கண்ணாடிக்கு இல்லையா?" என்று சொல்லிக்கொண்டே மோதிர விரலைச் சந்தனத்தில் தோய்த்தாள். பிறகு அதே விரலால் குங்குமம். பிறகு அதே விரலை அவர் நெற்றியில் துடைத்தாள். "நீங்களும் வேலை செய்யற சாமான்தானே."

விஜயதசமி அன்று காலையில் லென்ஸை எடுத்து மாட்டினாள். நாலு படம் எடுத்ததும் முகம் மாறிவிட்டது. படத்தின் வலப்பக்கம் கண்ணாடி மாதிரி தெளிவு. இடப்பக்கம் ஆவி படிந்ததுபோல் மங்கல். துடைத்தாள், கழற்றி மாட்டினாள், வெளியே வெயிலில் போய் எடுத்தாள். எல்லாப் படத்திலும் இடப்பக்கம் அப்படியேதான் இருந்தது.

லென்ஸை விற்ற பெங்களூர்க் கம்பெனிக்கு மெயிலில் கடிதம் எழுதினாள். ஆதாரப் படம் அனுப்பு என்றார்கள். அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிச்சைமணியை நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம் போங்க. இன்னும். ஆங், அங்கதான் மங்கல். நீங்க எப்பவும் கொஞ்சம் மங்கல்தானே, அங்கயே உக்காருங்க."

"சிரிக்கணுமா?"

"சிரிச்சாலும் தெரியப் போறதில்ல. ஆனா மூஞ்சிய அப்படி வெக்காதீங்க. வீட்டு வரி கேக்க வந்த ஆபீசர் மாதிரி இருக்கு."

கடைசியில் கேமராவை அவர் கையிலேயே கொடுத்தாள். "நீங்க ஒண்ணு எடுங்க. என்னை அந்தப் பக்கம் வைங்க. கம்பெனிக்காரன் உங்க மூஞ்சியே இப்படித்தான்னு நெனச்சுக்குவான். பொம்பளை மூஞ்சி கலங்கியிருந்தாத்தான் நம்புவான்."

பிச்சைமணி இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவளை எடுத்த முதல் படம் அது. அவள் சொன்ன பக்கத்தில், சொன்ன அளவுக்குத் தள்ளி, அவளை நிறுத்தி எடுத்தார்.

கம்பெனி ஒத்துக்கொண்டு பதில் போட்டது: முப்பது நாளுக்குள் பொருளைத் திருப்பி அனுப்பினால் புதிது தரப்படும். அந்தப் பதில் வந்து இரண்டாம் நாள் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்று சொல்லிச் சுவரைப் பிடித்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூன்று நாள். தீபாவளிக்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறுக்கு வைக்க ஒரு படம் தேடினார்கள். மட்டாஞ்சேரியில் பாதிப் பெண்களை எடுத்தவளுக்கு அவளுடையது என்று முகம் தெரிகிற ஒரு படம் இல்லை. எல்லாப் படத்திலும் அவள் கேமராவுக்கு இந்தப் பக்கம். கடைசியில் வாக்காளர் அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டார்கள். அதில் அவள் யாரையோ திட்டப் போகிறவள் மாதிரி இருந்தாள்.

சீட்டு வந்த மறுநாள் அப்பாவும் மகளும் ஷாஜியின் சென்டருக்குப் போனார்கள். ஷாஜி மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் ஸ்வர்ணலதாவின் மெயிலைத் திறந்தான். கடவுச்சொல் அவனிடம்தான் இருந்தது.

"சேச்சி எழுதியதெல்லாம் இவிட உண்டு, பிச்சைமணிச் சேட்டா. வாசிக்கட்டே?"

இங்கிலீஷில் இருந்ததை ஷாஜி தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக்கொண்டு போனான். முதல் கடிதத்தில் மரியாதை இருந்தது. இரண்டாவதில் குறைந்தது. மூன்றாவதில் அவளே இருந்தாள். 'ஐயா, உங்கள் லென்ஸுக்கு ஒரு கண் தெரியவில்லை. நான் பதினான்கு வருடம் மற்றவர்கள் முகத்தைத் தெளிவாக எடுத்தவள். எது கையின் குற்றம், எது கண்ணாடியின் குற்றம் என்று எனக்குத் தெரியும். மாற்றித் தரும் வரை விடமாட்டேன்.'

"விடமாட்டேன்னா எழுதியிருக்கா?" என்று கேட்டார் பிச்சைமணி.

"அதே. ஐ வில் நாட் லீவ் இட்."

கடிதத்தோடு அனுப்பிய படத்தையும் ஷாஜி திறந்தான். லைன் மெதுவாக இருந்த நாள். படம் மேலிருந்து கீழாக, பட்டை பட்டையாக இறங்கியது. முதலில் வலப்பக்கம் சுவர் தெரிந்தது. பிறகு நாள்காட்டி. அதில் ராகுகாலம் எத்தனை மணிக்கு என்றுகூடப் படிக்க முடிந்தது. பிறகு இரும்பு அலமாரி, அதன் கைப்பிடி, கைப்பிடியில் தொங்கிய மஞ்சப்பை. இடப்பக்கம் ஒரு கறுப்பு முடி, ஒரு நெற்றி, அதில் சிவப்பாக ஒரு கலங்கல், பச்சை நிறத்தில் ஒரு சேலை. உதடு இருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று எடுத்தவருக்குத் தெரியும்.

அவளை வலப்பக்கம் நிறுத்தி இன்னொன்று எடுத்திருந்தால்! அந்த நினைப்பு பிச்சைமணிக்கு அந்த நாற்காலியில் வைத்துத்தான் முதன்முதலாக வந்தது. இரண்டடி. அலமாரி நின்ற இடத்தில் அவள் நின்றிருந்தால் போதும். மஞ்சப்பையின் முடிச்சு தெரிகிற அளவுக்கு அவள் தெரிந்திருப்பாள்.

அம்பிளி படத்தை மூடச் சொன்னாள். "மதி ஷாஜியேட்டா. அவங்களை விளி."

ஷாஜி சீட்டில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டான். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று நெடுநேரம் பாட்டு ஓடியது. பிறகு ஒரு பெண் குரல் வந்தது. ஷாஜி இங்கிலீஷில் பேசினான். அம்பிளி பிடுங்கிப் பேசினாள். பின்னால் நின்ற பிச்சைமணி பொறுக்காமல், "அந்தப் பொட்டை அழிக்காம எடுத்துக்க மாட்டாங்களான்னு கேளு, அம்பிளி" என்றார்.

மறுமுனையில் பேச்சு நின்றது. "சார் தமிழா?" என்று கேட்டது போன். "அவர்கிட்ட குடுங்க."

பிச்சைமணி போனை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வணக்கம் ஐயா. நான் ரிட்டர்ன் செக்‌ஷன்ல பேசறேன். இசக்கிசெல்வி. சாமான்ல சிவப்பா கறை இருக்குன்னு போட்டிருக்காங்க."

"கறை இல்லம்மா. ஆயுதபூஜைக்கு வெச்ச பொட்டு."

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. கேலி இல்லாத சிரிப்பு. "அட! எங்க வீட்டுல டிவி ரிமோட்டுக்கே வெப்பாங்க ஐயா. இங்க செக் பண்றவங்களுக்கு அது தெரியாது. ஒண்ணும் பெரிய காரியம் இல்ல. மெடிக்கல் ஷாப்புல ஸ்பிரிட் வாங்கி, பஞ்சுல நனைச்சு ரெண்டு இழுப்பு இழுங்க. போயிரும். இந்த மாசக் கடைசி வரைக்கும் தேதி நீட்டித் தர்றேன்."

"அது என் வீட்டுக்காரி வெச்சதும்மா."

"அக்காகிட்ட சொல்லுங்க, புதுசு வந்ததும் வேற வெச்சுக்கலாம்னு."

ஷாஜி எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினான். தேவையே இல்லாமல்.

"ஐயா? லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டவள் பிறகு வேறு குரலில், "எப்போ ஐயா?" என்றாள்.

"போன மாசம்."

"ஓ." கம்ப்யூட்டர் தட்டும் சத்தம் அங்கே நின்றுபோயிருந்தது. "ஐயா, உண்மையைச் சொல்லிடறேன். போன்ல பேசறதுதான் என் வேலை. சாமானைப் பாக்கறது குடோன்ல வேற ஆளுங்க. துடைக்காம அனுப்புனா எடுப்பாங்கன்னு என்னால உறுதி சொல்ல முடியாது. ரெண்டாவது தடவையும் தள்ளிட்டாங்கன்னா மூணாவது தடவை கெடையாது. ஒரு லெட்டர் எழுதி உள்ள வைங்க. மேல என் பேரைப் போடுங்க. தமிழ்லயே எழுதுங்க. என் கைக்கு வந்தா நான் போய்ப் பேசிப் பாக்கறேன்."

"திரும்பி வந்த பழசு என்னம்மா ஆகும்?"

"தயாரிச்ச கம்பெனிக்குப் போயிரும். பிரிச்சுப் போட்டுருவாங்க."

வீட்டுக்கு வரும் வழியில் அம்பிளி மெடிக்கல் ஷாப்பில் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கினாள். பிச்சைமணி பார்த்தும் பார்க்காததுபோல் நடந்தார்.

கட்டிலில் செய்தித்தாளை விரித்து லென்ஸை வைத்தாள். அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"குடு அப்பா."

"நாளைக்குப் பாக்கலாம்."

"நாளைக்கு, நாளைக்குன்னு இந்த மாசம் தீந்துரும். டிசம்பர் பதினாலு ஸைனபாத்தா வீட்டுக் கல்யாணம். அம்மா ஏத்துக்கிட்டது. நான் எடுக்கறேன்னு அவங்ககிட்டச் சொல்லிட்டேன். அந்த உள்ளறைல கேமராவோட இருந்த பழைய லென்ஸை வெச்சு நான் எந்து எடுக்கறது?"

"நீ எடுப்பியா?"

"பின்னே? ஏழு வருஷமா பேக் தூக்கிட்டுப் போனது ஆரு?" அவள் குரல் உடைந்தது; அதை மறைக்கக் கோபப்பட்டாள். "அம்மா அவங்களோட தல்லு பிடிச்சு மல்லுக்கட்டுனது நல்ல கண்ணாடிக்கு. இந்தப் பொட்டுக்கு இல்ல. இதை இப்படியே பொத்தி வெச்சுக்கிட்டா அம்மா எழுதுன மூணு லெட்டரும் வெறுதே போயிரும். அது சாரமில்லையா, பரவாயில்லையா உனக்கு?"

பிச்சைமணி அவளை ஜன்னல் பக்கம் கூட்டிப்போனார். லென்ஸை வெயிலில் சாய்த்துப் பிடித்தார். "இங்க பாரு. இல்ல, இப்படி. வரி வரியாத் தெரியுதா?"

அம்பிளி குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேமராவில் பழைய லென்ஸை மாட்டி, அந்தப் பொட்டை எடுத்தாள். கிட்டே, இன்னும் கிட்டே, விளக்கைப் போட்டு, அணைத்து. பதினைந்து படம். "இனி இது போகாதப்பா. எப்ப வேணா பாக்கலாம்" என்று கேமராவின் திரையைக் காட்டினாள். அதில் சிவப்பாக ஒரு புள்ளி இருந்தது, அதைச் சுற்றி வெளிர் மஞ்சள். நல்ல படம்தான். ஆனால் அது பொட்டாகத்தான் இருந்தது. விரலாக இல்லை.

"நல்லா எடுத்திருக்கே" என்றார்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது லென்ஸைச் சோற்றுப் பாத்திரத்தோடு பையில் வைத்து எடுத்துப் போனார். தான் இல்லாத நேரத்தில் அம்பிளி துடைத்துவிடுவாள் என்று பயந்து அல்ல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் அதுதான் காரணம்.

துலாமாதத்து ஐப்பசி மழை நின்று, பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் மறுபடி வெயிலுக்கு வந்திருந்தது. குப்பை வண்டியை நிறுத்தி நிமிரும்போதுதான் கவனித்தார்: ஆயுதபூஜைக்கு அவரே வண்டியின் கைப்பிடியில் வைத்த பொட்டு இல்லை. எந்த மழையில் போனது என்று தெரியவில்லை. யாரும் அழிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அவர் கை பட்டு, தண்ணீர் பட்டு, வேலையோடு வேலையாகப் போயிருந்தது.

சாயா குடிக்க உட்கார்ந்தபோது அவள் போன நாள் ஞாபகம் வந்தது. அதை நினைக்காமல் இருக்கத்தான் ஒரு மாதமாக முயன்றுகொண்டிருந்தார். பெண்கள் அவளைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, அந்தப் பச்சைச் சேலையையே கட்டினார்கள். மூக்கம்மாள்தான் பொட்டு வைத்தாள். ஒரு ரூபாய் அகலத்துக்கு, சிவந்த, வட்டமான பொட்டு. "பூவோடயும் பொட்டோடயும் போறா. ஒருத்தரும் கை வெச்சு அழிக்காமப் போறா, போகட்டும்" என்று சொல்லி அழுதாள். அப்போது அவருக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஸ்வர்ணலதா இருந்திருந்தால், "ஆமா, ரொம்பப் பெரிய பாக்கியம்தான், நாப்பத்திரண்டு வயசுல" என்று மூக்கம்மாளிடமே சொல்லியிருப்பாள். ஆனாலும் சிதையில் வைக்கும் வரைக்கும் அந்தப் பொட்டு அப்படியே இருந்தது. மூக்குத்தியைக் கழற்றினார்கள். கம்மலைக் கழற்றினார்கள். பொட்டை யாரும் தொடவில்லை.

சாயா ஆறிப்போய்விட்டது. பிச்சைமணி அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

அன்று மாலை அம்பிளி வரும்போது அவர் கட்டிலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை தமிழ் படித்தவர். வாரப் பத்திரிகைகளைக் கடைசிப் பக்கம் வரை வாசிக்கிறவர். ஆனால் கடிதம் எழுதிப் பத்து வருடம் இருக்கும்.

"படிங்கப்பா" என்றாள் அம்பிளி. மிகவும் பயந்தாலொழிய அவள் அப்பாவை 'ங்க' போட்டுப் பேசுவதில்லை.

'பெங்களூர் இசக்கிசெல்விக்கு, மட்டாஞ்சேரியிலிருந்து பிச்சைமணி எழுதுவது. லென்ஸின் மேல் இருப்பது கறை அல்ல. ஆயுதபூஜைக்கு என் மனைவி ஸ்வர்ணலதா வைத்த பொட்டு. மாட்டிப் பார்ப்பதற்கு முன்பே பூஜைக்கு வைத்தது எங்கள் தவறு. இடப்பக்கம் மங்கலாகத் தெரிவது எங்கள் தவறு அல்ல. அவள் இதை மூன்று கடிதத்தில் எழுதியிருக்கிறாள். அவள் போனபோது அவள் பொட்டை நாங்கள் அழிக்கவில்லை. அவள் வைத்த பொட்டையும் அழிக்காமல் அனுப்புகிறேன். துடைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அங்கே துடைத்துக்கொள்ளுங்கள். என் கையால் ஆகாது, என் மகள் கையாலும் வேண்டாம். எங்களுக்கு இரண்டு பக்கமும் தெரிகிற ஒன்றை அனுப்பி வையுங்கள். டிசம்பர் பதினான்காம் தேதி ஒரு கல்யாணம் இருக்கிறது. அவள் வாக்குக் கொடுத்தது.'

அம்பிளி ஸ்பிரிட் பாட்டிலைப் பார்த்தாள். "இதுவும் திரும்பி வந்தா? இனி ஒரு தடவை கெடையாதுன்னு அந்தச் சேச்சி பறஞ்சாங்களே."

"வந்தா உன் கல்யாண வீட்டுக்கு லென்ஸ் இல்ல. தெரியும்."

"தெரிஞ்சுதான் செய்யறியா?"

"தெரிஞ்சுதான். அது இங்கயே இருக்கணும்னு எனக்கு ஆசைதான், அம்பிளி. அலமாரில வெச்சுப் பூட்டிக்கலாம்னுகூட நெனச்சேன். ஆனா உங்கம்மா அதை அலமாரில வெக்கவா பொட்டு வெச்சா? போகட்டும். போறது பொட்டோட போகட்டும்."

அம்பிளி குமிழ்த் தாளை எடுத்து வந்து, பொட்டு இருக்கும் இடத்தில் மட்டும் ஒட்டாமல், மெல்லிய துணி ஒன்றைக் கிழித்து வைத்துச் சுற்றினாள். ஸ்வர்ணலதாவின் பழைய சேலைத் துணி. அதை எங்கிருந்து எடுத்தாள் என்று அவர் கேட்கவில்லை.

பெட்டி போனது. நவம்பர் முடிந்தது. சந்துக்குள் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் பிச்சைமணி வாசலுக்குப் போனார். திரும்பி வந்தால் அந்த விரலை மறுபடி பார்க்கலாம். வராவிட்டால் மகளுக்குக் கண்ணாடி கிடைக்கும். எதை எதிர்பார்த்துப் போகிறார் என்று ஒவ்வொரு தடவையும் வாசல்படியில் கால் வைத்த பிறகுதான் அவருக்கே தெரியும். அதுவும் ஒருநாள் போல் மறுநாள் இருக்கவில்லை.

டிசம்பர் பத்தாம் தேதி அதே கூரியர்காரர் வந்தார். இந்தத் தடவை பெயரைக் கூவவில்லை. நேராக வாசலுக்கு வந்து, "சேட்டா, ஒரு பெட்டி" என்றார்.

பெட்டி புதிது. உள்ளே லென்ஸும் புதிது. கறுப்பாக, வழவழப்பாக, ஒரு மனிதக் கை படாததுபோல் இருந்தது. பிச்சைமணி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எழுத்துகள் முடிகிற இடத்தில் ஒன்றும் இல்லை. இருக்காது என்று தெரிந்தும் பார்த்தார். அச்சடித்த சீட்டில் ஒரு கட்டத்துக்குள் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது.

"பழைய சாமான்ல அடையாளம் இருந்ததுன்னு எழுதியிருக்கு. ஏத்துக்கிட்டாங்களாம்" என்று வாசித்தாள் அம்பிளி. "கீழே யாரோ கையொப்பு."

அவர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பொட்டைத் துடைத்தார்களா இல்லையா என்று அதில் எழுதவில்லை. அதைத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்றும் இருந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அம்பிளி கொஞ்சம் தயங்கி, "சந்தனம் குழைக்கட்டா?" என்றாள். "கல்யாண வீட்டுக்குப் போறதுக்கு முன்னால நீங்க ஒண்ணு வெச்சா..."

"இந்த வருஷம் நமக்குப் பண்டிகை, பூஜை எதுவும் இல்லம்மா. வருஷம் திரும்பட்டும்." பிறகு, அவள் முகம் வாடியதைப் பார்த்து, "முதல்ல மாட்டிப் பாரு. உங்கம்மா செஞ்ச தப்பை நீ செய்யாதே" என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது. லென்ஸை மாட்டினாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். நாள்காட்டியும் இரும்பு அலமாரியும் முன்பு நின்ற இடத்திலேயே நின்றன. மஞ்சப்பை இன்னும் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பிச்சைமணி நாற்காலியை நகர்த்தி இடப்பக்கம் கொண்டுபோய் உட்கார்ந்தார்.

"அப்பா, நடுவுல உக்காரு. அங்க போனா ஓரமா வருவ."

"இங்கதான் மங்கல் இருந்தது. இங்க தெரியுதா பாரு."

அம்பிளி எடுத்தாள். திரையைப் பெரிதாக்கினாள். இடப்பக்கம் அப்பாவின் முகம், ஒரு வாரத்துத் தாடி, நரைத்த ஒவ்வொரு முடியும் தனித்தனியாக. கண்ணுக்குக் கீழே ஈரம் படிந்திருந்தது. அதுகூடத் தெரிந்தது.

"தெரியுது. ரெண்டு பக்கமும் நல்லாத் தெரியுது" என்றாள். "போதும், இப்ப நடுவுல வா. உன்னை ஒழுங்கா ஒண்ணு எடுக்கறேன்."

"இங்கேயே எடு" என்றார் பிச்சைமணி.

அவர் இடப்பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வலப்பக்கம் அலமாரிக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது. அங்கே வெளிச்சம் நன்றாகவே விழுந்துகொண்டிருந்தது.